பெயின்டுக்கு அடியில் இருந்தது

அமெரிக்காவும் சீனாவும் ஒருவர் சரக்குக்கு ஒருவர் வரி போட்டுக்கொள்வதால், சீனாவுக்குப் போக வேண்டிய இரும்பு வார்ப்பு ஆர்டர்களில் கொஞ்சம் இப்போது கோயமுத்தூர்ப் பக்கம் திரும்புகிறதாம். என் பழைய ஃபவுண்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவர்கள் போனில் சொன்னார்கள். "சார், இந்த மாதிரி ஒரு சான்ஸ் நம்ம ஊருக்கு இப்பத்தான் சார் மொதல் தடவையா வருது" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. முதல் தடவையாம்! நீங்கள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் போய் மாட்டிக்கொண்டு, முழி பிதுங்கி, எப்படியோ தப்பித்து வந்திருக்கிறோம் என்றேன். "அப்படின்னா எழுதிக் குடுங்க சார், கம்பெனி மலர்ல போட்டறலாம்" என்று மடக்கிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. எழுதுகிறேன்.

என் பெயர் நடராஜன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கணபதியிலிருந்து சரவணம்பட்டி போகும் சாலையில் இருந்த அந்த ஃபவுண்டரியில் சேர்ந்தேன். அன்றைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியும் கிடையாது, கண்ணாடிக் கட்டடமும் கிடையாது. சோளக்காடும் எங்களைப் போன்ற பட்டறைகளும்தான். சேர்ந்ததும் கையில் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்து, வார்ப்புகளைத் தட்டிக் கேட்கச் சொன்னார்கள். நல்ல வார்ப்பு மணியாகப் பேசும், விரிசல் விழுந்தது தொண்டை கட்டியது போலப் பேசும். பாலிடெக்னிக்கில் படித்ததை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டதுதான் என் பயிற்சிக் காலம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகள் தொடங்கும்போது நான் இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ். வெளியே போகும் ஒவ்வொரு வார்ப்பிலும் சரிபார்த்த அடையாளமாக என் பஞ்ச் விழ வேண்டும். அது விழாமல் எதுவும் கேட்டைத் தாண்டாது.

எங்கள் முதலாளி பெயர் கெங்குசாமி. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். அப்பா காலத்துப் பருத்திக்காட்டை விற்று ஃபவுண்டரி போட்டவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடுதான் கரியும் மண்ணும் பறக்கும் இடத்தில் நாள் முழுக்க நிற்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது, சாக்கட்டி இருக்கும். குறை தெரிந்த வார்ப்பின்மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார். வார்ப்பு அச்சு செய்யும் மோல்டு மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்து, கட்டி எப்படி உடைகிறது என்று பார்த்து ஈரப்பதம் சொல்வார். லேப் ரிப்போர்ட் அதற்கப்புறம் வரும்.

அவருக்குத் திட்டத் தெரியாது. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரண நாளில் "நடராஜா, இங்க வா" என்பார். கொஞ்சம் சூடு என்றால் "நடராஜன், வாங்க". "ஏனுங்க நடராஜன் சார், கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா?" என்று கேட்டார் என்றால், வேலை போகிற அளவுக்கு எதையோ செய்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்த மூன்றாவது அழைப்பு என் சர்வீஸில் ஒரே ஒரு முறைதான் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருகிய இரும்பை மோல்டில் ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் வார்ப்பில் குழி விழும். ப்ளோஹோல் என்போம். நாணயமான ஃபவுண்டரி அதை உடைத்து மறுபடி உருக்கும். நாணயம் குறைந்தவர்கள் இரும்புத்தூள் கலந்த புட்டி என்ற பசையை அந்தக் குழியில் அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். தண்ணீர் அழுத்தம் ஏறும்போது ஒரு நாள் புட்டி கழன்று பீச்சி அடிக்கும். எங்கள் காம்பவுண்டுக்குள் புட்டி டப்பாவே வரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

நாங்கள் அதிகமாக வார்த்தது பம்ப் கேசிங். பம்ப்பின் வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வர ஒரு வாய், வெளியே போக ஒரு கழுத்து. இரண்டையும் ரப்பர் வைத்துத் தகடு போட்டு போல்ட் முறுக்கி மூடுவோம். உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் ஏறியதும் நிறுத்துவோம். அதன்பின் வெளிப்பக்கம் முழுக்கச் சாக்குப்பொடி பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்காவது ஊசிமுனை அளவு கசிந்தாலும் வெள்ளையில் ஈரம் கறுப்பாகத் தெரியும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். முதலாளி சில நாள் பக்கத்தில் வந்து நின்று, அவரும் பேசாமல் முள்ளையே பார்ப்பார். நாங்கள் இருவரும் அதிக நேரம் சேர்ந்து இருந்தது அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குக் கெட்ட காலம். உள்ளூர்ப் பம்ப் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்தன, கரன்டு வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டாம் ஷிஃப்ட்டை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்த ஷிஃப்ட்டில் மோல்டு போடும் மாரிமுத்து, பவானிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து கணபதியில் ஒரு லைன் வீட்டில் குடியேறியவர். மகளை அப்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். தினமும் ஷிஃப்ட் மாறும் நேரம் என்னிடம் வந்து, "ஏனுங்க சார், எதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். "ஒண்ணும் தெரியல மாரிமுத்து" என்பேன். "தெரிஞ்சா மொதல்லயே சொல்லிப்போடுங்க. பொறகு ஊருக்குப் போறதா இருந்தாலும் புள்ளைக்குப் பரீட்ச முடிஞ்சுதான் போகோணும்" என்பார். 

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு பம்ப் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. தேடி வந்தது என்று பெருமையாகச் சொல்கிறேன், உண்மை என்னவென்றால் அவர்கள் சீனாவிலிருந்து தப்பிக்க ஒரு கதவு தேடினார்கள். அமெரிக்காவில் ஃபவுண்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. சீனாவில் வார்த்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாலும் விலை குறைவாக இருந்தது. ஆனால் சீனாவுக்குக் கொடுக்கும் வரிச் சலுகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும். ஒரு வருடம் 'வேண்டாம்' என்று முடிவாகிவிட்டால் இந்தக் கம்பெனியின் கதை கந்தல். போதாக்குறைக்கு, சீனாவில் அவர்கள் சரக்கு வாங்கிய ஒரு பட்டறையின் வார்ப்பில் புட்டி அகப்பட்டிருந்தது. ஆகவே ஒரு லோடு கேசிங் செய்து அனுப்புங்கள், சரியாக இருந்தால் வருடம் முழுக்க ஆர்டர், இல்லையென்றால் இந்தியாப் பக்கம் இனி திரும்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வருட ஆர்டர் வந்தால் இரண்டாம் ஷிஃப்ட் பிழைக்கும். முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து இதைச் சொன்னார்.

அந்த லோடை வார்த்தது போல நாங்கள் வேறு எதையும் வார்த்ததில்லை. மாரிமுத்து மோல்டின் மண்ணைக் கையால் தடவித் தடவிப் பார்த்ததை நானே கண்டேன். தண்ணீர் டெஸ்ட்டில் சந்தேகம் வந்ததையெல்லாம் ஈவிரக்கம் பார்க்காமல் உடைக்கப் போட்டேன். தேறியதில் மட்டும் பஞ்ச் குத்தினேன். பெயின்ட் மட்டும் பாக்கி இருந்த சமயத்தில் ஆயுத பூஜை வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் பட்டறையில் எது அசையுமோ எது அசையாதோ அத்தனைக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. லேத், சுத்தியல், சைக்கிள், டைம் ஆபீஸ் கடிகாரம் எதுவும் தப்பாது. ஆனால் விற்பனைக்குப் போகும் வார்ப்புக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. அந்த வருடம் அமெரிக்கா கேசிங்குகள் ஷெட்டில் வரிசை வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. முதலாளி சந்தனக் கிண்ணத்தைத் தானே கையில் வாங்கிக்கொண்டு, வரிசையில் குனிந்து குனிந்து, ஒவ்வொரு கழுத்திலும் கட்டைவிரலால் தடிமனாக ஒரு பொட்டு வைத்தார். பின்னாலேயே குங்குமம். கடைசி வரிசை முடிந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு பெயின்ட் ஆனது, பெட்டிகளில் அடைத்தோம், லோடு கிளம்பியது, நான் நிம்மதியாக இருந்தேன்.

கப்பல் போய்ச் சேர்ந்து சில நாளில் அந்த மூன்றாவது அழைப்பு வந்தது. "ஏனுங்க நடராஜன் சார், கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா?"

முதலாளி தன் அறையில் நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேக்ஸ். கழுத்தில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது, அடியில் ஏதோ வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது, திறந்து பார்த்த ஒவ்வொரு கேசிங்கிலும் அதே இடத்தில் இருக்கிறது, ஆகையால் இது தெரிந்தே மறைத்த குறை என்று எழுதியிருந்தார்கள். லோடை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஹாரிஸ் என்று ஒரு இன்ஸ்பெக்டர் நேரில் வருகிறார், இங்கே பார்த்துவிட்டு அப்படியே சீனா போகிறார்.

"புட்டி யாருங்க வெச்சது?" என்றார் முதலாளி.

"நம்ம பட்டறையில புட்டி கெடையாதுங்க."

"நாம வெக்கலைன்னா, கப்பல்ல போறப்ப மீனுங்களா வந்து வெச்சுட்டுப் போச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பஞ்ச் விழுந்த சரக்கு அது. "முதலாளி, ஒவ்வொண்ணும் என் கண்ணு முன்னால தண்ணி டெஸ்ட் ஆனதுங்க. ஒண்ணுல புட்டி இருந்தாலும் நான் இந்த வேலையில இருக்கலீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீராப்பாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். எதிரே மாரிமுத்து. வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர், என்னைப் பார்த்ததும் கேட்காமலே போய்விட்டார். அதுதான் எனக்கு அன்றைக்கு அதிகமாக வலித்தது.

கூரியரில் போட்டோக்கள் வந்தன. ஒவ்வொரு கேசிங்கின் கழுத்திலும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரே இடம், ஒரே அளவு. பார்த்தவுடன் எனக்கே சந்தேகம் வந்தது, யாரோ எனக்குத் தெரியாமல் கைவரிசை காட்டிவிட்டார்களோ என்று. பிறகு போட்டோவைத் தலைகீழாகத் திருப்பினேன். இந்தக் கேசிங்கை நாங்கள் வார்க்கும்போது மோல்டுக்குள் அந்தக் கழுத்துப் பக்கம் கீழே இருக்கும். உருகிய இரும்பில் காற்று மேலேதான் ஏறும், அடியில் தங்காது. அங்கே ப்ளோஹோல் வர வழியே இல்லை. குழியே விழாத இடத்தில் புட்டி எதற்கு? வேலை மெனக்கெட்டு எவன் வைப்பான்?

ஆர்டருக்கு மேல் சில கேசிங் சேர்த்து வார்ப்பது எங்கள் வழக்கம். அதே லோடோடு பெயின்ட் அடித்த உபரி கேசிங்குகள் யார்டில் கிடந்தன. போய் ஒன்றின் கழுத்தைத் தடவினேன். சின்னதாக ஒரு மேடு. கத்தியால் சுரண்டினேன். நீலப் பெயின்ட் பட்டையாக வந்தது, அடியில் சிவப்பு, அதற்கடியில் மஞ்சளாகப் பொடி. கத்தி முனையை மூக்கருகே கொண்டுபோனேன். கும்மென்று சந்தன வாசனை.

பெயின்ட்டர் ஆரோக்கியம் அங்கேதான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். "ஆரோக்கியம், இது என்ன?" என்று கத்தினேன்.

எட்டிப் பார்த்தார். "பொட்டுங்க சார். ஆயுத பூசைக்கு முதலாளி வெச்சதுங்க."

"அது மேலயா பெயின்ட் அடிச்சீங்க?"

"பின்ன? தொடைக்கச் சொல்றீங்களா?" ஆரோக்கியத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் சர்ச்சுக்குப் போறவனுங்க. மத்தவனா இருந்தா தொடச்சுப்போட்டு அடிச்சிருப்பான், யாரும் கேக்கமாட்டாங்க. நான் தொடச்சா? முதலாளி கையால வெச்ச சாமி பொட்ட ஆரோக்கியம் அழிச்சுப்போட்டான்னு பேச்சு வந்தா நான் எங்கீங்க போவேன்? மொதல்ல பொட்ட விட்டுப்போட்டு, அதச் சுத்தியும் பெயின்ட் அடிச்சுப் பாத்தனுங்க. பொட்டு மட்டும் தனியாத் தெரிஞ்சுது. அமெரிக்காக்காரன் பாத்தா அசிங்கமா இருக்குமேன்னு, அந்த எடத்துல மட்டும் ரெண்டு கை கூட வெச்சு மூடிப்போட்டேன்."

அதனால்தான் மறைத்தது போல இருந்திருக்கிறது. நான் அந்தக் கேசிங் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தேன். ஆரோக்கியம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

கத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். "புட்டி வெச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

"யாருங்க?"

"நீங்கதானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கத்தியை நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அமெரிக்காவுக்கு மொதல் லோடு போகுதேன்னு ஆசையா வெச்சேன் நடராஜா" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வடிந்துவிட்டது. "அவன் நம்புவானா?" என்று கேட்டார். எனக்கும் அதே கவலைதான்.

மறுநாள் காலை ஹாரிஸ் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த தலை, சிரிக்காத முகம். கை குலுக்கும்போது அவர் முன்கையைப் பார்த்தேன். பொட்டுப் பொட்டாகத் தீத்தழும்பு. உருகிய இரும்பு தெறித்தால் மட்டுமே அப்படி வரும், என் கையிலும் இருக்கிறது. இந்த ஆளை ஏமாற்றவும் முடியாது, வார்ப்பைப் பற்றி இவருக்கு விளக்கிச் சொல்லவும் தேவையில்லை என்று தோன்றியது.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பூஜையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல கதை. போகிற நாட்டிலெல்லாம் எனக்கு நல்ல கதை சொல்கிறார்கள். கேசிங்கைக் காட்டுங்கள்" என்றார். காப்பியைக்கூடத் தொடவில்லை.

யார்டில் கிடந்த உபரி கேசிங்குகளில் எதை எடுப்பது என்று எங்களைக் கேட்கவில்லை. தானே அடியில் கிடந்த ஒன்றை இழுக்கச் சொன்னார். பெயின்ட்டைச் சுரண்டி, வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். புட்டியாக இருந்தால் வெந்நீருக்கு அசையாது. துணியை எடுத்தபோது அதில் மஞ்சளும் சிவப்பும் வழிந்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு. அதையும் நம்பாமல் கிரைண்டர் கேட்டு, அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். பொறி பறந்ததே தவிரக் குழி வரவில்லை. பிறகு எல்லா உபரிகளையும் தண்ணீர் டெஸ்ட்டில் ஏற்றச் சொன்னார். நான் அழுத்தம் ஏற்றி நிறுத்தினேன், அவரே சாக்குப்பொடி பூசினார். நானும் முதலாளியும் நிற்பது போலவே அவரும் பேசாமல் நின்று முள்ளையே பார்த்தார். ஒன்றும் கசியவில்லை.

"இவை சரி" என்றார் ஹாரிஸ். "ஆனால் நீங்கள் விற்றது இவற்றை அல்ல. அவை எங்கள் ஊரில் இருக்கின்றன." அங்கே பொழுது விடிந்து ஆட்கள் வேலைக்கு வந்த பிறகு போன் போட்டு, அதே மாதிரி துணியும் வெந்நீரும் கிரைண்டரும் வைத்துப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். அவர்களுக்கு விடியும்போது நமக்குப் பொழுது சாயும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

மத்தியானம் முதலாளி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சாப்பிடும்போதுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார். அவரும் அவர் அப்பாவும் ஒரே ஃபவுண்டரியில் வேலை செய்தவர்களாம். சீனாவிலிருந்து வந்த வார்ப்பு விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் அது மூடிவிட்டது. இவரோடு சேர்த்து அந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை போய்விட்டது. இவருக்கு வார்ப்பு தெரியும் என்பதால், தன் வேலையைப் பறித்த அதே வார்ப்பைச் சோதிக்கும் வேலை கொடுத்தார்கள். "என் ஊர்க்காரர்கள் நாணயமாகச் செய்து தோற்றார்கள். அதனால் பெயின்ட்டுக்கு அடியில் புட்டியைப் பார்த்தால் எனக்குத் தாங்காது" என்றார்.

"சீனாக்காரன் எல்லாருமே அப்படித்தானுங்களா?" என்று கேட்டார் முதலாளி. நான் மொழிபெயர்த்தேன்.

ஹாரிஸ் தலையை ஆட்டினார். "ஒரு பட்டறைதான் அப்படிச் செய்தது. மற்றவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த வருடம் நான் கண்டுபிடிக்கும் குறை அடுத்த வருடம் இருப்பதில்லை. கொஞ்ச காலத்தில் எங்களையும் தாண்டுவார்கள், உங்களையும் தாண்டுவார்கள். நீங்கள் மலிவு என்று எங்கள் கம்பெனி உங்களிடம் வரவில்லை. எல்லா முட்டையையும் அவர்கள் கூடையில் வைக்கப் பயந்து வந்திருக்கிறது. அந்தப் பயம் இருக்கும் வரை உங்களுக்கு இடம் உண்டு, நாணயமாக இருந்தால் மட்டும்."

முதலாளி ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பயத்துல வர்ற ஆர்டரும் ஆர்டர்தான், இன்னுங் கொஞ்சம் சோறு போடச் சொல்லு" என்றார். முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். ஹாரிஸ் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

சாயங்காலம் இரண்டாம் ஷிஃப்ட் வந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. வெள்ளைக்காரர் போனுக்காகக் காத்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கு உட்புறம் டிபன் தூக்கோடு கூட்டமாக நின்றார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை, நின்றார்கள். மாரிமுத்து முன்னால் நின்றார். முதல் ஷிஃப்ட் முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஹாரிஸ் போன் போட்டுச் சொல்லிவிட்டு வைத்தார். திரும்பக் கூப்பிடுவார்கள் என்றார். முதலாளி அறையில் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கறுப்புப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளி சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். அது இரண்டாக ஒடிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஓடிய நினைப்பெல்லாம் ஒன்றுதான். நம் இரும்பில் குறை இருந்து தோற்றால் தொலைகிறது. ஒரு கட்டைவிரல் சந்தனத்தால் இத்தனை பேர் ஊருக்கு மூட்டை கட்டினால், வாழ்நாளெல்லாம் அதை எப்படித் தாங்குவது?

மணி அடித்தது. ஹாரிஸ் எடுத்தார். "எத்தனை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பிறகு "எல்லாமா?" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அடியில் நல்ல இரும்பு. லோடை விடச் சொல்லிவிட்டேன். வருட ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அங்கே கோடவுன் முழுக்க நல்ல வாசனையாக இருக்கிறதாம்" என்றார்.

நான் தமிழில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் முதலாளிக்குப் புரிந்துவிட்டது. ஹாரிஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.   நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அத்தனை முகமும் அவரையே பார்த்தது. ஒரு பெரிய பேச்சு பேசுவார் என்று நினைத்தேன்.

"ஏன் இங்க நிக்கறீங்க?" என்றார். "மோல்டு போடாம நின்னா, நாளைக்கு உருக்கற இரும்பைக் கொண்டாந்து எந்தலை மேலயா ஊத்தறது?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்துகொண்டவர் மாரிமுத்து. "வாங்கப்பா, வாங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினார். அவர் பின்னால் எல்லோரும் டிபன் தூக்கு கலகலக்க ஷெட்டுக்குள் போனார்கள். யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி இருக்கும்போது பட்டறையில் விசில் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆரோக்கியம் மட்டும் போகாமல் தயங்கித் தயங்கி நின்றார். "ஏனுங்க முதலாளி, அடுத்த ஆயுத பூசைக்கும் நீங்க பொட்டு வெச்சீங்கன்னா நான் என்னங்க பண்றது?"

"தொடச்சுப்போட்டு அடி."

"சாமி கோவிச்சுக்கிட்டா?"

"எம் பேரைச் சொல்லு."

ஆரோக்கியம் அப்போதும் நகரவில்லை. "உங்க சாமிக்குச் சொல்லிப்போடலாமுங்க. எங்க சாமி, அடுத்தவன் பொட்ட ஏன்டா அழிச்சேன்னு கேட்டா?"

முதலாளி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு ஆரோக்கியத்தின் தோளில் கையைப் போட்டு ஷெட் பக்கம் நடத்திக்கொண்டே, "ரெண்டு பேருகிட்டயும் சொல்லு ஆரோக்கியம், அங்க நாப்பது ஊட்டுல அடுப்பு எரியுதுன்னு. அதுக்கு மேல எந்தச் சாமி கேக்கும்?" என்றார்.